களைக்கொல்லி தாங்கும் சர்க்கரைக் கிழங்கு: நமக்கு உதவுமா?

மாரண்டஹள்ளியில் நடந்த விவசாயிகள் கூட்டம் ஒன்றில், களை நிர்வாகம் பற்றிப் பேசி முடித்தபின், பின்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து கேட்டார்: "ஐயா, களைக்கொல்லி அடிச்சாலும் பயிர் சாகாம, களை மட்டும் சாகுற கிழங்கு அமெரிக்காவுல இருக்குதாமே? அது நமக்கு எப்ப வரும்?"

கூட்டம் கலைந்த பிறகுதான் அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது தெரிந்தது. அரை ஏக்கரில் பீட்ரூட் விதைத்திருந்தார். விதைத்த இருபதாம் நாளில் வயல் முழுவதும் சாரணையும் குப்பைக்கீரையும் மண்டிவிட்டன. களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர், அமெரிக்காவில் சர்க்கரைக் கிழங்கு வயலில் கிளைபோசேட் மருந்தைப் பயிரின் மேலேயே அடிக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். பீட்ரூட்டும் அதே இனம்தானே என்று எண்ணிய பெரியவர், மருந்தை வாங்கி வயல் முழுவதும் அடித்துவிட்டார். பத்து நாளில் களையும் கருகியது, பீட்ரூட்டும் கருகியது.

"கூலி மிச்சமுன்னு அடிச்சாருங்க. இப்ப விதைச்ச காசும் போச்சு" என்றார் அருகில் நின்ற அவருடைய மனைவி.

பெரியவர் அறிந்திருந்த செய்தியில் பாதி உண்மை. மறுபாதி அவருக்குச் சொல்லப்படவில்லை. இன்னும் பல விவசாயிகளுக்கு இதே ஐயம் இருக்கக்கூடும் என்பதால், முழு விவரத்தையும் இங்கே தருகிறேன்.

சர்க்கரைக் கிழங்கு என்பது எது?

சுகர்பீட் எனப்படும் சர்க்கரைக் கிழங்கை நம் சர்க்கரைவள்ளிக் கிழங்குடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. இது பீட்ரூட்டின் உடன்பிறப்பு. இரண்டும் ஒரே சிற்றினத்தைச் சேர்ந்தவை. கிழங்கு வெள்ளையாக, கூம்பு வடிவில், ஒரு கிலோ எடைக்கும் குறையாமல் வளரக்கூடியது. இதில் சர்க்கரை உள்ளதை 1747-ல் ஜெர்மானிய வேதியியல் அறிஞர் மார்கிராஃப் கண்டறிந்தார். அவருடைய மாணவர் ஆக்கார்ட் 1801-ல் முதல் ஆலையை அமைத்தார். இன்று உலகச் சர்க்கரையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தக் கிழங்கிலிருந்து வருகிறது.

குளிர்நாட்டுப் பயிரான இதில், வெப்பத்தைத் தாங்கும் வீரிய ரகங்கள் பிற்காலத்தில் உருவாக்கப்பட்டன. 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இவற்றை ஆய்வு செய்து, காவேரி, இண்டஸ், சுப்ரா ஆகிய ரகங்கள் தமிழ்நாட்டுக்கு ஏற்றவை என்று தெரிவித்து, சாகுபடிக் குறிப்புகளையும் வெளியிட்டது. கரும்புக்குப் பத்து முதல் பன்னிரண்டு மாதம் ஆகும். இது ஐந்தாறு மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும். நீர்த்தேவையும் குறைவு.

ஆனாலும் நம் மாவட்டத்தில் இது நிலைக்கவில்லை. காரணம் வயலில் இல்லை, ஆலையில் இருக்கிறது. கரும்பு ஆலைகளின் உருளைகள் கரும்பைப் பிழிவதற்கானவை. கிழங்கையோ சீவல்களாக வெட்டி, வெந்நீரில் ஊறவைத்துத்தான் சாறு எடுக்க வேண்டும். அதற்குத் தனி இயந்திர அமைப்பு தேவை. ஆகவே, வாங்குவதற்கு ஆலை உறுதி எழுதித் தராமல் யாரும் சர்க்கரைக் கிழங்கு பயிரிட முன்வர வேண்டாம். பீட்ரூட்டுக்குச் சந்தை உண்டு. இதற்குச் சந்தையே ஆலைதான்.

களையிடம் தோற்கும் பயிர்

சர்க்கரைக் கிழங்கும் பீட்ரூட்டும் இளமையில் மெதுவாக வளர்பவை. இலைகள் தரையோடு தரையாக விரிவதால், சற்றே உயரமான களைகூட அவற்றை நிழலில் அமுக்கிவிடும். வரிசைகளுக்கு இடையே இலைகள் கூடி நிலத்தை மூட ஏழெட்டு வாரம் ஆகிறது. அதுவரை வெயிலும் நீரும் உரமும் களைக்கே போய்ச் சேரும். எனவேதான், சர்க்கரைக் கிழங்கு வயலை 75 நாள் வரை களையின்றி வைத்திருக்க வேண்டும் என்று பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. பீட்ரூட், முள்ளுக்கீரை, குப்பைக்கீரை, தொய்யக்கீரை, சக்கரவர்த்திக் கீரை ஆகிய யாவும் ஒரே தாவரக் குடும்பம். கீரை வகைக் களையைக் கொல்லும் மருந்து பெரும்பாலும் பீட்ரூட்டையும் சேர்த்தே வாட்டும். நெல்லிலும் கரும்பிலும் அகன்ற இலைக் களை பயிரிலிருந்து வேறுபடுவதுபோல இங்கே பயிரும் களையும் வேறுபடுவதில்லை. பங்காளிச் சண்டையில் ஒருவரை மட்டும் அடிப்பது எளிதல்ல.

அமெரிக்கர் கண்ட வழி

அமெரிக்காவில் மின்னசோட்டா, வடக்கு டகோட்டா மாநிலங்களின் ரெட் ரிவர் பள்ளத்தாக்கு சர்க்கரைக் கிழங்குக்குப் பேர்போனது. அங்கே நெடுங்காலமாகக் கிழங்கு வயலில் களை கொத்துவதற்கென்றே டெக்சாஸ் மாநிலத்திலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் பருவந்தோறும் வந்துபோயின. பின்னர் பென்மெடிபாம் போன்ற களைக்கொல்லிகளைச் சிறு அளவாக, வாரத்துக்கு ஒரு முறை என மூன்று நான்கு தடவை தெளித்தனர். அப்போதும் பயிர் சற்று வாடும். மிஞ்சிய களையைக் கொத்த ஆளும் வேண்டும்.

இந்த நிலையில்தான் கிளைபோசேட்டைத் தாங்கும் சர்க்கரைக் கிழங்கு வந்தது. இதன் செயலை எளிதாகச் சொல்லலாம். செடி தனக்கு வேண்டிய சில அமினோ அமிலங்களைத் தயாரிக்க ஒரு நொதி தேவை. கிளைபோசேட் அந்த நொதியைப் பூட்டிவிடுகிறது. செடி ஓரிரு வாரத்தில் மஞ்சளாகி மடிகிறது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவில் இந்த மருந்துக்குப் பூட்டுப்படாத நொதி இருப்பது கண்டறியப்பட்டது. அதற்கான மரபணுவைக் கிழங்கில் சேர்த்ததும், மருந்து மேலே பட்டாலும் அந்தக் கிழங்கு சாகவில்லை.

ஆகவே, தாங்கும் சக்தி மருந்தில் இல்லை, பயிரின் இனத்திலும் இல்லை. குறிப்பிட்ட அந்த விதையில் மட்டுமே இருக்கிறது. நம் ஊரில் விற்கும் எந்த பீட்ரூட் விதையிலும் அந்தச் சக்தி கிடையாது. பெரியவருக்குச் சொல்லப்படாத மறுபாதி இதுதான்.

அமெரிக்காவில் 2005-ல் இந்தக் கிழங்குக்கு அனுமதி கிடைத்தது. 2008-ல் பெருமளவில் விதைத்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் அந்நாட்டுச் சர்க்கரைக் கிழங்குப் பரப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு இந்த விதைக்கே மாறியது. இடையில் வழக்கும் வந்தது. பீட்ரூட், சுவிஸ் சார்டு கீரை ஆகியவற்றின் விதைப் பயிரில் இதன் மகரந்தம் கலந்துவிடும் என்று இயற்கை விதை உற்பத்தியாளர்கள் நீதிமன்றம் சென்றனர். சுற்றுச்சூழல் ஆய்வு முழுமையாகச் செய்யப்படவில்லை என்று 2009-ல் தீர்ப்பாகி, 2010-ல் அனுமதி ரத்தானது. ஆய்வு முடிந்து 2012-ல் மீண்டும் முழு அனுமதி தரப்பட்டது.

களையும் கற்றுக்கொண்டது

முதல் சில ஆண்டுகள் வயல்கள் துடைத்து வைத்தாற்போல இருந்தன. இரண்டு மூன்று தெளிப்பில் வேலை முடிந்தது. ஆனால் அதே விவசாயிகள் பயிர்ச்சுழற்சியில் போட்ட மக்காச்சோளமும் சோயாவும்கூடக் கிளைபோசேட் தாங்கும் ரகங்களே. எந்தப் பயிர் போட்டாலும் ஆண்டுதோறும் அதே மருந்து. லட்சக்கணக்கான களைச்செடிகளில் இயற்கையாகவே மருந்தைத் தாங்கும் ஒன்றிரண்டு இருக்கும். மற்றவை மடிய, அவை மட்டும் விதை உதிர்த்துப் பெருகின. இன்று அப்பள்ளத்தாக்கில் கிழங்கு விவசாயிகளைத் திணறடிக்கும் களை, நம் முள்ளுக்கீரையின் நெருங்கிய உறவான ஒரு காட்டுக்கீரை. ஒரே செடி பல லட்சம் விதைகளை உதிர்க்கவல்லது. இதனால் அவர்கள் மண்ணில் தெளிக்கும் பழைய வகைக் களைக்கொல்லிகளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். தப்பிய களைகளைக் கையால் பிடுங்கவும் நேர்ந்திருக்கிறது.

இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய கதையல்ல. பஞ்சாப், அரியானாவில் கோதுமை வயலில் ஐசோபுரோட்யூரான் என்ற ஒரே களைக்கொல்லியை ஆண்டுக்கணக்கில் அடித்ததால், ஃபலாரிஸ் என்னும் புல் 1990-களின் தொடக்கத்தில் அதற்கு அடங்காமல் போனது. மரபணு மாற்றப் பயிர் எதுவும் அங்கே இல்லை. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்ததே காரணம்.

இவ்வகைக் கிழங்கைப் பயிரிடும் நாடுகளில் இப்போது வற்புறுத்தப்படும் முறைகள் நான்கு. களை இரண்டு முதல் நான்கு இலைப் பருவத்தில் இருக்கும்போதே தெளித்தல். வெவ்வேறு விதமாகச் செயல்படும் மருந்துகளை மாற்றியும் சேர்த்தும் பயன்படுத்துதல். தப்பிய களை விதை உதிர்க்கும் முன் பிடுங்குதல். பருவம் தவறிப் பூத்தண்டு விடும் கிழங்குச் செடிகளை உடனே அகற்றுதல். இவற்றுள் கடைசி இரண்டும் கைவேலை என்பதைக் கவனிக்கவும். விலை உயர்ந்த விதை வாங்கியும் கைவேலை முற்றாக ஒழியவில்லை.

நம் நாட்டில் நிலை

களைக்கொல்லி தாங்கும் சர்க்கரைக் கிழங்குக்கு இந்தியாவில் அனுமதி இல்லை. 1986-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், மத்திய அரசின் ஒப்புதல் இல்லாமல் மரபணு மாற்ற விதையை விற்பதும் விதைப்பதும் குற்றம். சில மாநிலங்களில் களைக்கொல்லி தாங்கும் பருத்தி விதை திருட்டுத்தனமாக விற்கப்பட்டு, அதிகாரிகள் பறிமுதல் செய்த நிகழ்ச்சிகள் உண்டு. ரசீது இல்லாத விதை பொய்த்துப்போனால் நஷ்டஈடு கேட்க ஒரு வழியும் இல்லை. கிளைபோசேட் மருந்தின் உபயோகத்தையும் மத்திய அரசு 2022 அக்டோபரில் கட்டுப்படுத்தி ஆணை பிறப்பித்தது. நம் நாட்டில் இது தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லாத நிலத்துக்கும் உரிய மருந்தே தவிர, காய்கறி வயலுக்கு உரியது அன்று.

மரபணு மாற்றம் இல்லாமல், திடீர் மாற்றத்தின் மூலம் களைக்கொல்லி தாங்கும் பயிர்களும் உள்ளன. புதுதில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 2021-ல் வெளியிட்ட பூசா பாசுமதி 1979, 1985 ஆகிய நெல் ரகங்கள் இமாசெத்தபிர் என்ற மருந்தைத் தாங்கும். ஐரோப்பாவில் சர்க்கரைக் கிழங்கிலும் இத்தகைய ரகம் வந்துவிட்டது. இவற்றுக்கும் அதே விதி பொருந்தும்: ஒரே மருந்தை நம்பினால் களை சீக்கிரமே பழகிவிடும்.

நாம் இன்று செய்யக்கூடியவை

பஞ்சப்பள்ளி சின்னாறு அணைப் பாசனத்திலும் கிணற்றுப் பாசனத்திலும் பீட்ரூட் போடும் விவசாயிகள் கீழ்க்கண்ட முறைகளைக் கையாளலாம்.

1. கோடை உழவு: சித்திரை, வைகாசியில் கிடைக்கும் மழையைக் கொண்டு இரண்டு மூன்று முறை உழுது புழுதியாகப் போட்டால், கோரைக் கிழங்குகளும் அருகம்புல் வேர்களும் மேலே வந்து வெயிலில் காய்ந்துவிடும். மருந்துக்கு அடங்காத கோரைக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

2. விதைக்கு முன் களையை முளைக்க விடுதல்: நிலத்தைத் தயார் செய்து பார் பிடித்தபின் உடனே விதைக்காமல் ஒரு தண்ணீர் கட்டவும். பத்து முதல் பதினான்கு நாளில் மேல்மண்ணிலுள்ள களை விதைகள் முளைத்துவிடும். அவற்றை மேலாகக் கொத்தி அழித்துவிட்டு விதைக்கவும். ஆழமாகக் கிளறினால் அடியிலுள்ள களை விதைகள் மேலே வந்துவிடும். இரண்டு வாரம் வீணாகிறதே என்று எண்ண வேண்டாம். முதல் களையெடுப்பின் பெரும்பகுதி இதில் மிச்சமாகிறது.

3. மக்கிய எரு: நன்கு மக்காத எருவோடு சாரணை, குப்பைக்கீரை விதைகளும் வயலுக்கு வந்து சேரும். முழுவதும் மக்கிய தொழு எருவை ஏக்கருக்கு 5 டன் இடவும்.

4. கலைத்தலும் களையெடுத்தலும்: பீட்ரூட்டில் நாம் விதை என்று போடுவது பல விதைகள் ஒட்டிய ஒரு முடிச்சு. ஒன்றைப் போட்டால் இரண்டு மூன்று நாற்று வரும். விதைத்த 15 முதல் 20 நாளில் ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கலைக்கும்போதே முதல் களையையும் எடுத்துவிட வேண்டும். அடுத்த களை 35 முதல் 40 நாளில். முதல் களை ஒரு வாரம் தாமதமானால் கூலி ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது அனுபவம். வேரூன்றிய களையை எடுக்க ஆளும் அதிகம், நேரமும் அதிகம்.

5. சக்கரக் களைக்கொத்தி: வரிசை நேராக இருந்தால் இடைவெளியில் இதைத் தள்ளிச் செல்லலாம். செடிகளுக்கு நடுவிலுள்ள களையை மட்டும் கையால் எடுத்தால் போதும். கயிறு பிடித்து விதைக்கும் சிரமம் இங்கே பலனாகத் திரும்புகிறது.

6. விதை உதிர விடாமை: முள்ளுக்கீரையின் ஒரு செடி லட்சம் விதைகள் வரை உதிர்க்கவல்லது. பார்த்தீனியமும் ஒரு செடிக்குப் பல ஆயிரம் விதைகளைத் தரும். வயலில் மட்டுமல்ல, வரப்பிலும் வாய்க்காலிலும் பூக்கும் முன்பே பிடுங்கவும். பார்த்தீனியத்தைப் பிடுங்கும்போது கையுறை அணிவது நலம்.

சர்க்கரைக் கிழங்கை ஆலை ஒப்பந்தத்தின்பேரில் பயிரிடும் வாய்ப்பு பின்னாளில் வருமானால், பல்கலைக்கழகப் பரிந்துரை இதுவாகும்: வரிசைக்கு வரிசை 50 செ.மீ., செடிக்குச் செடி 20 செ.மீ. இடைவெளி விட்டால் ஏக்கருக்கு 40,000 செடிகள் நிற்கும். விதைத்த நாள் முதல் இரண்டு நாளுக்குள், மண் ஈரமாக இருக்கும்போது, பெண்டிமெத்தலின் மருந்தை எக்டருக்கு 3.75 லிட்டர், அதாவது ஏக்கருக்கு 1.5 லிட்டர், 120 லிட்டர் நீரில் கலந்து தெளிக்க வேண்டும். பத்து லிட்டர் தெளிப்பானுக்கு 125 மி.லி. என்று பன்னிரண்டு தெளிப்பான் ஆகும். தெளித்த இடத்தை மிதிக்காமல் பின்னோக்கி நடந்து தெளிக்க வேண்டும். பின்னர் 25-ம் நாளிலும் 50-ம் நாளிலும் கைக்களை எடுத்து, மேலுரமிட்டு மண் அணைக்க வேண்டும். இந்த மருந்து முளைக்கும் களையைத்தான் தடுக்கும். முளைத்து நிற்கும் களையைக் கொல்லாது.

இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது, அட்ரசின் பற்றியது. கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் தெளிக்கும் இந்த மருந்து மண்ணில் பல மாதம் தங்கக்கூடியது. பீட்ரூட் இதைச் சிறிதும் தாங்காது. விதை நன்றாக முளைக்கும். ஆனால் இரண்டாம் வாரத்தில் இலை ஓரம் மஞ்சளாகிக் கருகும். அட்ரசின் அடித்த நிலத்தில் பீட்ரூட் போட எண்ணினால், முதலில் சட்டிச் சோதனை செய்யவும். அந்த நிலத்து மண்ணை ஒரு சட்டியிலும், மருந்து படாத மண்ணை மற்றொரு சட்டியிலும் நிரப்பி, இரண்டிலும் பத்துப் பத்து பீட்ரூட் விதை ஊன்றி மூன்று வாரம் கவனிக்கவும். இரண்டும் ஒன்றுபோல வளர்ந்தால் விதைக்கலாம். ஒரு சட்டியில் நாற்று கருகினால் அந்தப் போகத்துக்குக் கேழ்வரகோ பீட்ரூட்டோ வேண்டாம், மக்காச்சோளமே போடலாம்.

இரண்டாவது, 2,4-டி பற்றியது. கரும்பிலும் சோளத்திலும் அகன்ற இலைக் களைக்கு அடிக்கும் இந்த மருந்தின் சாரல் காற்றில் சென்று தக்காளியின் மேல் பட்டால், இலைகள் சுருண்டு திரிந்து காய்ப்பு கெடும். பீட்ரூட்டும் பாதிக்கப்படும். காற்று வீசும் வேளையில் தெளிக்கக் கூடாது. பக்கத்து வயலில் தக்காளி, பருத்தி, வெண்டை இருந்தால் இந்த மருந்தையே தவிர்ப்பது நலம். 2,4-டி அடித்த தெளிப்பானை எத்தனை முறை கழுவினாலும் காய்கறிக்குப் பூச்சிமருந்து அடிக்கப் பயன்படுத்த வேண்டாம். களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான் வைத்து, அதன்மேல் சிவப்பு வர்ணம் பூசிவிட்டால் வீட்டில் யாரும் மாற்றி எடுக்கமாட்டார்கள்.

அரை ஏக்கரில் நடந்தது

பெரியவரின் வயலுக்கு மறுநாள் சென்று பார்த்தேன். கிளைபோசேட் மண்ணில் ஒட்டிக்கொண்டு செயலிழந்துவிடும். ஆகவே அந்த நிலத்தில் மறுபடி விதைப்பதற்குத் தடை இல்லை. கருகிய களையின் அடியில் புதிய சாரணை முளைத்துக்கொண்டிருந்தது. ஒரு தண்ணீர் கட்டி, அதையும் முளைக்கவிட்டு மேலாகக் கொத்திய பின் விதைக்குமாறு சொன்னேன். கயிறு பிடித்து விதைத்தார்கள். பதினெட்டாம் நாள் கணவனும் மனைவியும் கலைத்துக் களையெடுக்க, வெளி ஆள் இரண்டு பேர் மட்டுமே தேவைப்பட்டதாக அந்த அம்மாள் தெரிவித்தார். முதல் விதைப்பின் செலவு திரும்பி வரவில்லை. அது போனது போனதுதான்.

களைக்கொல்லி தாங்கும் பயிர்கள் நாளை நம் நாட்டுக்கு வரலாம், வராமலும் போகலாம். அதை விஞ்ஞானிகளும் அரசும் நீதிமன்றங்களும் முடிவு செய்யும். எது வந்தாலும், களை முளைத்த முதல் மூன்று வாரத்தில் விவசாயி வயலில் இருந்தாக வேண்டும் என்பதை அமெரிக்கக் கிழங்கு விவசாயிகளின் அனுபவம் காட்டுகிறது. புதிய மருந்து எதையும் வாங்குமுன் அட்டையில் உங்கள் பயிரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையேல் அடிக்க வேண்டாம். ஐயம் இருந்தால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தையோ, பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்தையோ, உங்கள் வட்டார தோட்டக்கலை அலுவலரையோ அணுகி ஆலோசனை பெறுமாறு விவசாயப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறேன்.